எக்ஸ்பிரஸிலிருந்து ஹோனோவுக்கு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (நூலகப்பிரியன்):
எங்கள் ஊர் நூலகத்தின் இரவல் பதிவேட்டுக்காக நோட்.ஜேஎஸ், அதற்கான வலைச் சட்டகமான எக்ஸ்பிரஸ் ஆகியவற்றைக் கொண்டு எழுதிய சிறு செயலி ஒன்று வாடகைச் சர்வரில் ஓடிக்கொண்டிருக்கிறது. பயன்படுத்துவோர் சிலரே என்பதால், அதை ஹோனோ என்ற வேறொரு சட்டகத்துக்கு மாற்றி, தனிச் சர்வர் இல்லாமலே நிரலை ஓட்டித்தரும் கிளவுட்ஃபிளேர் வொர்க்கர்ஸின் இலவசத் திட்டத்தில் ஏற்ற விரும்புகிறேன். பதிவுகள் ஒரு ஜேசான் (உரைவடிவத் தரவு) கோப்பில் உள்ளன. கடவுச்சொற்களைச் சரிபார்ப்பது பிகிரிப்ட் என்ற ஹாஷ் முறை. எதை முதலில் மாற்ற வேண்டும்?

மறுமொழி (வடகரை):
ரூட்டுகளை (எந்த முகவரிக்கு எந்த நிரல் ஓட வேண்டும் என்ற விதிகளை) எழுதும் முறை எக்ஸ்பிரஸை ஒத்திருப்பதால் அந்தப் பகுதி எளிதாகவே முடியும். கோரிக்கை, பதில் என்ற இரண்டு பொருள்களுக்குப் பதிலாக ஹோனோவில் ஒரே சூழல் பொருள் வரும்; பதிலை ரிட்டர்ன் செய்ய வேண்டும். போர்ட்டில் காத்திருக்கும் வரியை நீக்கிவிட்டு, செயலியை எக்ஸ்போர்ட் செய்தால் போதும். கிளவுட்ஃபிளேரின் ராங்லர் கருவி அதை உங்கள் கணினியிலேயே ஓட்டிக் காட்டும்.

உண்மையான வேலை அந்த ஜேசான் கோப்பில்தான் இருக்கிறது. வொர்க்கர்ஸில் நிலையான வட்டு கிடையாது. குளோபல் மாறியில் வைத்த தரவும் எப்போது வேண்டுமானாலும் மறையலாம், ஒரே நேரத்தில் ஓடும் வேறொரு பிரதிக்கு அது தெரியவும் தெரியாது. எளிதாக இருக்கிறதே என்று கிளவுட்ஃபிளேரின் கேவி (சாவி-மதிப்பு) சேமிப்பகத்தை எடுத்துவிடாதீர்கள்: அதில் செய்த மாற்றம் பிற இடங்களில் தெரிய 60 விநாடியோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதால், இரவல் போன புத்தகம் இன்னும் அலமாரியில் இருப்பதாகவே காட்டக்கூடும். எஸ்கியூலைட்டை அடிப்படையாகக் கொண்ட, கிளவுட்ஃபிளேரின் டி1 தரவுத்தளமே இதற்குப் பொருத்தம்.

மறுமொழி (கணிமேகம்):
பிகிரிப்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இலவசத் திட்டத்தில் நாளொன்றுக்கு 1,00,000 கோரிக்கைகள் உண்டு, அது உங்களுக்குத் தாராளம்; ஆனால் ஒரு கோரிக்கைக்குச் சிபியு நேரம் 10 மில்லிவிநாடிதான். தரவுத்தளத்தின் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் இதில் சேராது, கணக்கிடும் நேரம் சேரும். வேண்டுமென்றே மெதுவாக இயங்குமாறு வடிவமைக்கப்பட்ட பிகிரிப்ட், வழக்கமான அமைப்பில் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும். கட்டணத் திட்டத்துக்குப் போனால் மாதம் குறைந்தது 5 டாலர், அப்போது (உங்கள் வாடகை எவ்வளவோ!) மாறுவதன் பயனே கேள்விக்குரியது. உள்நுழைவை கூகுள் கணக்கின் வழியாக அமைத்தால் கடவுச்சொல்லைச் சேமிக்கவே தேவையிருக்காது.

நூலகப்பிரியன்:
உறுப்பினர்களில் பலருக்குக் கூகுள் கணக்கு இல்லை. ஆனால் உள்நுழைபவர்கள் நூலகப் பணியாளர்கள் மட்டுமே, அவர்கள் அனைவருக்கும் உண்டு. பழைய பதிவுகளை டி1-க்கு எப்படிக் கொண்டுசெல்வது?

வடகரை:
ஜேசானைப் படித்து இன்செர்ட் கட்டளைகளாக எழுதும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, கிடைக்கும் எஸ்கியூஎல் கோப்பை ராங்லர் வழியாக முதலில் உள்ளூர்ப் பிரதியில் ஓட்டிப் பாருங்கள். பதிவுகளின் எண்ணிக்கை சரியாக வந்த பின், ரிமோட் என்ற விருப்பத்தைச் சேர்த்து அதே கோப்பை உண்மையான டி1-இல் ஓட்டலாம்.