வெக்டெக்கைத் தொடங்கத் தனி மேக்ரோ வேண்டுமா?

கணிச்சிலந்தி:
ரஸ்ட் நிரல்மொழியில் வெக்டரை (நீளம் வளரக்கூடிய பட்டியலை) உருவாக்க 'வெக்!' மேக்ரோ (நிரல்வரிகளாக விரியும் சுருக்கெழுத்து) இருக்கிறது. இரு முனைகளிலும் உறுப்புகளைச் சேர்க்கவோ எடுக்கவோ கூடிய வரிசையான வெக்டெக்குக்கு அப்படியொன்று தரநூலகத்தில் இல்லை. வெற்று வரிசையை உருவாக்கி, அதன்கீழ், கடைசியில் ஓர் உறுப்பைச் சேர்க்கும் 'புஷ்_பேக்' அழைப்புகளை வரிவரியாக அடுக்குவதைவிட, உறுப்புகளைக் காற்புள்ளியிட்டுக் கொடுத்தால் நிரம்பிய வரிசையைத் தரும் மேக்ரோவை நாமே எழுதிக்கொள்வது நல்லது.

நேர்கோடு:
தேவையில்லை. 2021 அக்டோபரில் வெளிவந்த 1.56 பதிப்பு முதல், 'வெக்டெக்::ஃப்ரம்' என்பதற்கு அணியை (நீளம் மாறாத உறுப்புத் தொகுப்பை) அப்படியே கொடுக்கலாம். அணியின் முதல் உறுப்பே வரிசையின் முன்முனையில் நிற்கும். 'வெக்!' தோன்றிய காலத்தில், எந்த நீளமுள்ள அணியையும் ஏற்கும் ஒரே செயற்கூற்றை எழுத வழியில்லை. 1.51 பதிப்பில் நீளத்தையே வகையின் அளவுருவாக்க முடிந்தபின் அந்தக் குறை தீர்ந்தது.

கணிச்சிலந்தி:
நான்கைந்து உறுப்புகளுக்கு அது சரி. பத்து லட்சம் 64 பிட் எண்களை அணியாக எழுதினால், அந்த 80 லட்சம் பைட்டுகள் முதலில் ஸ்டாக்கில் (அளவு குறைந்த தற்காலிக நினைவகத்தில்) உருவாகி, பிறகே ஹீப்புக்கு (தேவைக்கேற்ப ஒதுக்கும் நினைவகத்துக்கு) நகரக்கூடும். புதிய த்ரெட்டுக்கு (நிரலுக்குள் இணையாக ஓடும் இழைக்கு) ரஸ்ட் இயல்பாகத் தருவதோ பெரும்பாலான தளங்களில் 2 மெபிபைட் ஸ்டாக்தான். கம்பைலரின் உகப்பாக்கம் இந்த நகலை நீக்கிவிடலாம், ஆனால் நீக்கியே தீரும் என்ற உறுதி இல்லை. மேலும், அணியின் நீளம் நிரல் ஓடும் முன், கம்பைல் நேரத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் 'மதிப்பு; எண்ணிக்கை' என்ற வடிவத்தில் என் மேக்ரோ, நிரல் ஓடும்போது கிடைக்கும் எண்ணையும் ஏற்கும்.

நேர்கோடு:
அதற்கும் 'வெக்!' இருக்கிறதே! வெக்டரை உருவாக்கி, அதையே 'வெக்டெக்::ஃப்ரம்' என்பதற்குக் கொடுங்கள். முன்பு வெக்டெக்கின் கொள்ளளவு (அதற்கு ஒதுக்கிய இடம்) இரண்டின் அடுக்காகவே இருக்க வேண்டியிருந்ததால், இந்த மாற்றத்தின்போது சில நேரங்களில் நினைவகத்தை மீண்டும் ஒதுக்க நேர்ந்தது. அந்த நிபந்தனை நீங்கியபின், எத்தனை உறுப்புகள் இருந்தாலும் வெக்டரின் நினைவகமே வரிசைக்குக் கைமாறுகிறது. உங்கள் மேக்ரோ எப்படி விரிகிறது என்று சொல்லுங்கள்: உள்ளே 'புஷ்_பேக்' அழைப்புகள் மட்டும் இருந்தால், கொள்ளளவை முன்கூட்டி ஒதுக்காத வரை, வரிசை வளர வளர நினைவகம் பலமுறை மாறும்.

கணிச்சிலந்தி:
உள்ளே 'வெக்!' வழியாகவே விரியும்படி எழுதியிருக்கிறேன். ஆகவே வேகத்தில் வேறுபாடு இல்லை என்பதை ஏற்கிறேன். படிப்பதற்கு எளிது என்ற வாதத்தை மட்டும் விடமாட்டேன். வரிசைக்குள் வரிசை வரும் சோதனைகளில் 'வெக்டெக்::ஃப்ரம்' என்பதை ஒவ்வொரு மட்டத்திலும் திரும்பத் திரும்ப எழுதுவது கண்ணை உறுத்துகிறது.

நேர்கோடு:
அப்படியானால் அது சோதனைத் தொகுதிக்குள்ளேயே இருக்கட்டும். பொது நூலகமாக வெளியிட்டால், இரண்டு சொற்களில் முடியும் வேலைக்காகப் பயனர்கள் இன்னொரு சார்பு நூலகத்தைச் சுமக்க வேண்டியிருக்கும்.