கீரைப் பாத்தியில் காட்மியம், ஈயம்: சுண்ணாம்பு எங்கே உதவும், எங்கே உதவாது

லெனேசியாவிலிருந்து (தென்னாப்பிரிக்கா, ஜொகனஸ்பர்க் பக்கம்):
ஜொகனஸ்பர்க் சுரங்க மேடுகளின் கழிவு மணலில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) உண்டு. காற்றும் ஈரமும் பட்டால் அது கந்தக அமிலமாகும். மண் புளித்தால் காட்மியம் என்ற நச்சு உலோகம் வேருக்குச் சுலபமாக ஏறும். பசளைக்கீரையும் லெட்டூஸும் அதை இலையில் சேர்த்துவைக்கும். எனவே மண்ணின் பி.எச். (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.5-க்குக் கீழே இருந்தால் டோலமைட் சுண்ணாம்பு: மணலுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிராம், களிக்கு 400 வரை. மேலே தூவிவிட்டால் போதாது, 20 செ.மீ. ஆழம் கொத்திக் கலக்கணும். இரண்டு மூன்று மாதம் விட்டு மறுபடி சோதிங்க. இலக்கு 6.5. பி.எச். 7-ஐத் தாண்டினால் துத்தநாகமும் மாங்கனீசும் கிடைக்காது. இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுப்பகுதி வெளுக்கும். துத்தநாகம் குறைந்த மண்ணில் காட்மியம் இன்னும் கூடுதலாக ஏறும், அதனால் அளவு மீறாதீங்க.

சாட்ஸ்வொர்த்திலிருந்து:
அக்கா சொன்னதோடு ஒன்று. சுண்ணாம்பு போட்ட பாத்தியில் அம்மோனியம் சல்ஃபேட் வேண்டாம், அது மண்ணைத் திரும்பப் புளிக்க வைக்கும். லேன் உரம் (சுண்ணாம்புக்கல் கலந்த அம்மோனியம் நைட்ரேட்) பரவாயில்லை. பாஸ்பேட் உரத்திலேயே காட்மியம் வரும்; இங்கே தென்னாப்பிரிக்காவின் பலபோர்வாவில் எடுக்கும் பாஸ்பேட் பாறை எரிமலைக் குழம்பில் உருவானது, அதில் காட்மியம் குறைவு. எந்தப் பாறையில் செய்த உரம் என்று கடையில் கேட்டு வாங்குங்க. மக்கிய கம்போஸ்ட் 5 செ.மீ. பரப்பிக் கொத்திவிட்டால் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். அது மக்கி மக்கிக் குறையும், வருஷா வருஷம் போடணும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:
ஈயத்துக்கு வழி வேறு. அது வேர் வழியாக அதிகம் ஏறாது, பழைய பெயிண்ட் உதிர்ந்த சுவரோரத்து மண் இலையில் தெறித்து ஒட்டும். மழைக்குப் பிறகு கீழ் இலையைப் புரட்டிப் பாருங்க, காம்போரம் செம்மண் புள்ளி புள்ளியாக இருக்கும். வைக்கோல் மூடாக்கு போட்டால் தெறிப்பு நிற்கும். லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி வினிகர் கலந்து அலசி, பிறகு நல்ல தண்ணீரில் கழுவணும். கீழ் இலைகளைத் தள்ளிவிடுங்க.

மண்ணில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருந்தால் அண்ணா, அக்கா, மேலே சொன்னதை அப்படியே செய்யாதீங்க. பாஸ்பேட் போட்டால் மண் பிடித்துவைத்த ஆர்செனிக் விடுபட்டு வேருக்குப் போகும். சுண்ணாம்பு அதிகமானாலும் அதே கதை. பச்சை நிறம் ஏறிய பதப்படுத்திய மரக்கம்பத்தில் ஆர்செனிக் இருக்கலாம், அதை பிராயில் (இறைச்சி சுடும் அடுப்பில்) எரித்த சாம்பல் பாத்திப் பக்கமே வரக்கூடாது. அப்படிப்பட்ட இடத்தில் துணி விரித்து, 30 செ.மீ. வெளிமண் நிரப்பிய மேட்டுப்பாத்தியில்தான் கீரை போடணும்.