மனு எழுதித் தருவதைக் கல்லூரித் தமிழ்ப் பாடத்தோடு சேர்க்கலாமா?

வகுப்பறை
கலை அறிவியல் கல்லூரியில் பகுதி-1 தமிழ் நடத்துகிறேன். கடிதம் எழுதும் பாடம் வந்தாலே மனசு கேட்பதில்லை. இல்லாத ஒரு தெருவில் எரியாத விளக்குக்காக வகுப்பு மொத்தமும் ஒரே கடிதத்தை எழுதுகிறது. இன்னொரு பக்கம், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். பல இடங்களில் வளாகத்தைக் கூட்டியும் பேரணியில் நடந்தும் அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்தால் என்ன? திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மேசை போட்டு, எழுதத் தெரியாதவர்களுக்கு மாணவர்கள் மனு எழுதித் தரட்டும். அதையே அகமதிப்பீடாகவும், அதாவது கல்லூரிக்குள்ளேயே போடும் மதிப்பெண்ணுக்கும், வைத்துக்கொள்ளலாம்.

வைப்பாறு
எனக்கு உடன்பாடு இல்லை. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்துக்காக ஊர் ஊராகப் போய் வகுப்பெடுத்தவர்கள் மதிப்பெண்ணுக்காகவா போனார்கள்? மதிப்பெண்ணைக் காட்டி அனுப்பினால் மாணவன் கண் கடிகாரத்தின் மேல்தான் இருக்கும்.

அதைவிடப் பெரிய கவலை வேறு. முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு பாட்டி வருகிறார். மாதம் 1,200 ரூபாய், அவருக்கு அதுதான் எல்லாம். முதலாமாண்டுப் பையன் தப்பாக எழுதினால் அவனுக்கு இரண்டு மதிப்பெண் போகும், பாட்டிக்கு இரண்டு மாதப் பணம் போகும். படித்துப் பழக அடுத்தவர் வயிறுதான் கிடைத்ததா?

பழைய தாலுகா
வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மனு எங்கே சிக்கும் என்று எனக்குத் தெரியும், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எழுத்துப்பிழையால் மனு நிற்பதில்லை. என்ன வேண்டும் என்பது மூன்றாம் பக்கத்தின் அடியில் கிடப்பதால்தான் நிற்கிறது. "என் பங்காளி என்னை வாழவிடவில்லை" என்று தொடங்கி இருபது வருஷப் பகை முழுக்க வரும். கேட்பது பட்டா மாறுதலா, நிலத்தைப் பிரித்துத் தனி எண் தரும் உட்பிரிவா, ஆக்கிரமிப்பை அகற்றுவதா என்று கண்டுபிடிக்க முடியாது. சர்வே எண் இருக்காது. முன்பு கொடுத்த மனுவின் எண்ணைப் "பார்வை" என்ற இடத்தில் குறித்திருக்க மாட்டார்கள். அதனால் பழைய மனு ஒரு பக்கம் கிடக்க, இது புது மனுவாக மறுபடி முதலிலிருந்து கிளம்பும்.

நீங்கள் சொன்ன பாட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாதம் வரை பணம் வந்தது? வங்கியில் கேட்டீர்களா, என்ன சொன்னார்கள்? உதவித்தொகை ஆணையின் நகல் இருக்கிறதா? இந்த மூன்றும் தெரிந்தால் மனு அரைப்பக்கம்தான். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்குப் போய்ச் சேரும்போது, எதைச் சரிபார்க்க வேண்டும் என்று அவருக்கும் புரியும். ஆனால் பாட்டி மருமகளைப் பற்றித்தான் பேசுவார். அதையும் பொறுமையாகக் கேட்டு, நடுவில் கிடக்கும் அந்த மூன்று பதிலையும் எடுக்க வேண்டும். இதைப் பழகிய பிள்ளை எங்கே போனாலும் நன்றாக எழுதும். நான் ஆதரிக்கிறேன். பழக்காமல் அனுப்பக் கூடாது, அவ்வளவுதான்.

மூன்றாமாண்டு மாணவி
திங்கள்கிழமை எங்களுக்கு வகுப்பு நாள். சாயங்காலம் வேலைக்குப் போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களால் நேரத்தை ஈடுகட்ட முடியாது. கட்டாயம் என்று ஆக்கிவிடாதீர்கள், சார்.

வைப்பாறு
தாலுகா ஐயா சொன்ன திறமை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அது யார் வேலை? 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6-வது பிரிவைப் பாருங்கள். எழுத்தில் கேட்க முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை. மனுவுக்கும் அப்படித்தானே இருக்க வேண்டும்? சம்பளமில்லாத பிள்ளைகளை உட்கார வைத்தால் அலுவலகம் நிம்மதியாகக் கைகழுவிவிடும்.

இன்னொன்று. மனுவில் ஆதார் எண், தொலைபேசி எண், வீட்டுச் சண்டை எல்லாம் இருக்கும். அதை அகமதிப்பீட்டு நோட்டில் ஒட்டி, கல்லூரிக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வரும்போது புகைப்படத்தோடு எடுத்துக் காட்டுவார்களா? அந்தப் பாட்டி இதற்கு எப்போது சம்மதித்தார்?

வகுப்பறை
இது நியாயம். மனுவின் நகல் கல்லூரிக்கு வரவே கூடாது, புகைப்படமும் வேண்டாம். மாணவர் தனியாக ஒரு பக்கம் எழுதட்டும்: கேட்டதில் எதை வைத்தேன், எதை விட்டேன், ஏன். ஊர் பேர் இல்லாமல். மதிப்பெண் அதற்கு மட்டும். போலீஸ் ஸ்டேஷனில் வாய்மொழிப் புகாரை எழுதினால் புகார் தந்தவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். நம் மேசையிலும் வாசித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கக் கூடாது. அவர் "நான் அப்படிச் சொல்லலையே தம்பி" என்றால் திருத்தி எழுத வேண்டும். என் சிவப்பு மை செய்யாத வேலையை அந்த ஒரு வரி செய்துவிடும்.

அலுவலகத்தின் கடமை என்பதும் சரிதான். ஆனால் வரும் திங்கள்கிழமை வாசலில் நிற்பவர் அதுவரை காத்திருக்க முடியாது. பருவ முடிவில் மாணவர்களே ஆட்சியருக்கு ஒரு மனு கொடுக்கட்டும், இந்த வேலைக்கு நிரந்தரமாக ஓர் ஆள் போடுங்கள் என்று. இத்தனை வாரம் அங்கே உட்கார்ந்து பார்த்தவர்கள் எழுதினால் அதற்கு எடை இருக்கும்.

வைப்பாறு
அந்தக் கடைசி மனு கட்டாயம் என்றால் பாதி வழி வருகிறேன். மேசைக்கு வராத பிள்ளைக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறையக் கூடாது, அதில் மாற்றமில்லை. அப்புறம், வாசலில் காசு வாங்கி மனு எழுதிப் பிழைப்பவர்களை என்ன செய்வதாக உத்தேசம்?

பழைய தாலுகா
அவர்களில் கைதேர்ந்தவர்கள் உண்டு. முதலில் அவர்களையே வகுப்புக்கு அழைத்துச் சம்பளம் கொடுத்துச் சொல்லித்தரச் சொல்லுங்கள். காசு கொடுக்க முடிந்தவர் அங்கேயே எழுதிக்கொள்ளட்டும். நம் மேசை, துணையில்லாமல் வரும் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டும் போதும். முதல் சில வாரம் பிள்ளைகள் பேனாவையே எடுக்க வேண்டாம். வரிசையில் கூடவே நின்று, மனுவைப் பதிந்ததும் தரும் எண்ணை மனு கொடுத்தவர்கள் பத்திரமாக வைக்கிறார்களா என்று பார்க்கட்டும். முக்கால்வாசிப் பேர் அதைத்தான் தொலைத்துவிட்டு அடுத்த முறை வெறுங்கையோடு வருவார்கள்.