ஸ்போர்ட்டி சொகுசு கார் வெச்சிருக்கவங்க, இந்த சின்னச் சின்னக் குறையெல்லாம் எப்படி சமாளிக்கிறீங்க?

மலைப்பாதை_கோவை:
வணக்கம் நண்பர்களே. ஆறு மாசம் முன்னாடி செகண்ட்ஸ்ல ஒரு ஜெர்மன் செடான் எடுத்தேன், ரியர் வீல் டிரைவ், 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 18 இஞ்ச் அலாய் வீல். காலேஜ் படிக்கிறப்பலேர்ந்து ஆசைப்பட்ட வண்டி. வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குனேன், ஸ்டீரிங் அப்படியே சொன்ன பேச்சு கேக்குது. ஆனா ஊருக்குள்ள வந்தா நாலு பேர் உக்காந்தாலே ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டுது, சிக்னல்ல எஞ்சின் தானா ஆஃப் ஆகி ஏசில வெக்கக் காத்து வருது, ரெண்டே நாள்ல முன் வீல் ரெண்டும் கரி அப்புன மாதிரி ஆயிடுது, ஒவ்வொரு பள்ளமும் இடுப்புல தெரியுது. ஸ்டெப்னியும் கெடையாது. எல்லாத்துக்கும் மேல அப்பா முட்டியப் புடிச்சுக்கிட்டு ஏறி இறங்கறதப் பாத்தா மனசு கேக்க மாட்டேங்குது. எதை சரி பண்ணலாம், எதுக்குப் பழகிக்கணும்?

பழைய_சாவி:
தம்பி, வீல் கறுக்குறது கோளாறே இல்ல. இந்த வண்டிங்க பிரேக் பேட் நல்லா கடிச்சுப் புடிக்கும், அந்த தேய்மானம்தான் அலாய்ல ஒட்டுது. வீல் ஆறுனப்புறம் கழுவுங்க, சூட்டோட தண்ணி அடிக்காதீங்க. எஞ்சின் ஆஃப் ஆனா ஏசி கம்ப்ரஸரும் நின்னுடும், அதான் வெக்கை. எஞ்சின் அப்படி தானா ஆஃப் ஆகாம தடுக்க ஒரு பட்டன் இருக்கும், வண்டி எடுத்தவுடனே அமுக்கிடுங்க, எனக்கு இப்ப சீட் பெல்ட் போடுற மாதிரி கை தானா போகுது. ஸ்பீட் பிரேக்கர் விதிப்படி 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் இருக்கணும், நம்ம தெருவுல மண்மேடு மாதிரி குறுகலா கொட்டி வெச்சா நீள வண்டி வயித்துல இடிக்கத்தான் செய்யும். சாய்ச்சு, ஒவ்வொரு வீலா ஏத்தி இறக்குங்க. ஸ்பிரிங்ல ஸ்பேசர்னு ஒரு கட்டை வெச்சு வண்டிய உசத்துவாங்க, அதப் பண்ணாதீங்க, எதுக்காக வாங்குனீங்களோ அதுவே போயிடும்.

டயர்_பைத்தியம்:
மத்ததெல்லாம் பொறுத்துக்கலாம் ப்ரோ, டயர் விஷயத்துல மட்டும் வேண்டாம். ஸ்டெப்னி இல்லன்னா அது ரன்ஃபிளாட்டா இருக்கலாம், பக்கச் சுவர் கெட்டியா இருக்கும், காத்து போனாலும் 80 கி.மீ. வேகத்துக்குள்ள ஏறத்தாழ 80 கி.மீ. தூரம் போகலாம், இடுப்பு வலிக்கு அதுவும் ஒரு காரணம். டயர்ல கடைசி நாலு நம்பர் பாருங்க, 2319னா 2019ல 23வது வாரம் செஞ்சது, ரொம்பப் பழசா இருந்தா மாத்திடுங்க. என் வண்டில ஒரு பள்ளத்துல இறங்குன மறுநாள் டயரோட உள்பக்கச் சுவர்ல விரல வெச்சு தடவிப் பாத்தேன், நெல்லிக்கா அளவுக்கு வீங்கியிருந்துச்சு, வெளிய நின்னு பாத்தா ஒண்ணுமே தெரியல. அன்னைக்கே மாத்திட்டேன். அடுத்த செட் சாதா டயர் போட்டு பஞ்சர் கிட்டும் காத்தடிக்கிற பம்பும் டிக்கில வெச்சிருக்கேன், நிறையவே சொகுசு.

அப்பாவுக்கு: அவர் ஏறுறதுக்கு முன்னாடியே சீட்ட முழுசா உசத்தி பின்னாடி தள்ளிடுங்க. முதல்ல உக்காரட்டும், அப்புறம் ரெண்டு காலையும் சேத்து உள்ள திருப்பட்டும்.

மலைப்பாதை_கோவை:
ரொம்ப நன்றி அண்ணா, ப்ரோ. டயர் 2018, நாலையும் மாத்தச் சொல்லிட்டேன். நேத்து சாயங்காலம் சீட்ட உசத்தி வெச்சு அப்பாவக் கூப்பிட்டேன், முட்டில கை வைக்காமலே உக்காந்தாரு. மருதமலை அடிவாரம் வரைக்கும் போய்ட்டு வந்தோம்.