சொல்லாய்வு: பாலீர்ப்பு மாற்றமா, பாலீர்ப்பு நெகிழ்வா?

அன்புள்ள குழுவினருக்கு,

கோத்தகிரி, கூடலூர் வட்டார மனநல ஆலோசகர்களுக்கான கையேட்டில் ஒரே ஒரு சொல் முடிவாகாமல் நிற்கிறது. யார்மீது ஒருவருக்கு ஈர்ப்பு தோன்றுகிறது என்பது, உறவையும் சூழலையும் பொறுத்துச் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அசைந்துகொடுக்கும் என்ற கருத்துக்கான சொல் அது; ஆங்கிலத்தில் sexual fluidity என்பார்கள். அமெரிக்க உளவியலாளர் லிசா டயமண்ட் 79 பெண்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து பேட்டி கண்டு 2008இல் நூலாக எழுதியது இதைத்தான்.

வரைவில் ‘பாலீர்ப்பு மாற்றம்’ என்றிருக்கிறது. கூடவே கூடாது. ‘மாறும்’ என்று காதில் விழுந்ததும் பெற்றோர் கேட்கப்போவது ‘அப்போ மாத்திடலாமா?’ என்றுதான். அப்படி மாற்றுவதாகச் சொல்லிச் செய்யும் சிகிச்சையைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்துவிட்டது. மூடிய கதவை நம் கையேடு திறக்க வேண்டாம். ‘பாலீர்ப்பு நெகிழ்வு’ என்று வைக்கலாம்.

கூடலூரிலிருந்து

——

வணக்கம் அம்மா,

‘மாற்றம்’ வேண்டாம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ‘கொஞ்சம் நெகிழ்வா நடந்துக்கங்க’ என்று அலுவலகத்தில் சொன்னால் விட்டுக்கொடு என்று பொருள். அது மனம்வைத்துச் செய்வது. ‘நெகிழ்ச்சி’ என்றாலோ கண்கலங்குவது. ‘இளக்கம்’ பார்த்தேன், பக்கத்திலேயே ‘இளக்காரம்’ நிற்கிறது. ‘பெயர்வு’ என்றால் ஓரிடம் விட்டு இன்னோரிடம் போய்விட்டதாகிவிடும். பழைய ஈர்ப்பு அப்படியே இருக்க, புதிதாக ஒன்று சேர்வதும் உண்டல்லவா? புணர்ச்சி இலக்கணத்தில் ஓரெழுத்து ஒருகால் திரிந்தும் ஒருகால் இயல்பாயும் வருவதை உறழ்ச்சி என்பார்கள். ‘ஈர்ப்புறழ்வு’ எப்படி?

குன்னூரிலிருந்து

——

ஐயா,

உறழ்ச்சி அழகான உவமை, பொருளும் கச்சிதம். ஆனால் இந்தக் கையேட்டைப் பல இடங்களில் ஆலோசகர் வாய்விட்டுப் படித்துக்காட்டத்தான் வேண்டியிருக்கும். தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு ‘உறழ்வு’ கேட்டால் ‘உளறல்’ போலத்தான் விழும்.

நெகிழ்வு மனம்வைத்துச் செய்வது என்கிறீர்கள். சங்கப் பாடல்களில் பிரிவில் மெலிந்த தலைவியின் வளை நெகிழ்கிறது. அவள் கழற்றவில்லை. கை மெலிய மெலிய, அது தானே முன்கையை விட்டு இறங்குகிறது. காதலும், தன் வசத்தில் இல்லாமையும் சேர்ந்தே அந்தச் சொல்லில் இருக்கின்றன. இதைவிடப் பொருத்தமான வேர் நமக்குக் கிடைக்காது.

அலுவலகப் பொருள் ஒட்டாமல் இருக்க, வினையை வைத்து ஒரு கட்டுப்பாடு போடலாம். ‘ஈர்ப்பு நெகிழ்ந்தது’ என்று தன்வினையில் மட்டுமே எழுதுவது. ‘நெகிழ்த்தினார்’, ‘நெகிழ்த்தலாம்’, ‘நெகிழ்வாக இருந்தார்’ மூன்றும் தடை. ‘நெகிழ்திறன்’ என்றும் வேண்டாம். திறன் என்றால் பயிற்சி கேட்பார்கள்.

இன்னொன்றும் இதிலேயே தெளிவாகிறது. டயமண்டின் ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள், லெஸ்பியன், இருபாலீர்ப்பினர் என்று தம்மை அழைத்துக்கொண்ட பெயரை ஒருமுறையாவது மாற்றிக்கொண்டார்கள். பெயரை ஆள் மாற்றுகிறார், அது பிறவினை. ஈர்ப்பு தானே நெகிழ்கிறது, அது தன்வினை. வரைவின் இரண்டாம் இயலில் இரண்டும் ‘மாற்றம்’ என்றே வருவதால்தான் படிப்பவருக்குக் குழப்பம். ‘பெயர் மாற்றிக்கொண்டார்’, ‘ஈர்ப்பு நெகிழ்ந்தது’ என்று பிரித்துவிட்டால் போதும்.

ஈர்ப்பின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருவர் தானே எண் கொடுக்கும் கிளைன் அட்டவணையிலும் ஒரு திருத்தம் தேவை. 7 வரிசை, 3 பத்தி, ஆக 21 கட்டம். கடந்த 12 மாதம் ‘இப்போது’, அதற்கு முந்தியது ‘முன்பு’. இவை சரி. மூன்றாம் பத்தியின் தலைப்பு ‘இலட்சியம்’ என்றிருக்கிறது. அதைப் பார்த்தால் வீட்டார் எதிர்பார்ப்பதைத்தான் நிரப்புவார்கள். ‘எனக்குப் பிடித்தபடி இருந்தால்’ என்று போடுங்கள். கூடவே ஈர்ப்பு, நடத்தை, கற்பனை ஆகிய முதல் மூன்று வரிசைகளையும் தனித்தனியாகப் படித்துக்காட்ட வேண்டும். ஒரே மூச்சில் படித்தால் மூன்றுக்கும் ஒரே எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள்.

கூடலூரிலிருந்து

——

அம்மா, வளைக்குப் பிறகு ‘உறழ்வை’ நான் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. ‘பாலீர்ப்பு நெகிழ்வு’ என்றே வைப்போம். ‘பால்’ மட்டும் தனியாகக் கேட்டால் காய்ச்சுகிற பால்தான் நினைவுக்கு வரும், அதனால் முதல்முறை வருமிடத்தில் ‘யார்மீது ஈர்ப்பு தோன்றுகிறது என்பது’ என்று விரித்து எழுதிவிடுகிறேன்.