எல்லா முகாம்களிலும் பச்சை குத்தினார்களா?

மேலூரான்:
"ஹிட்லரின் எல்லா வதை முகாம்களிலும், உள்ளே கால் வைத்த ஒவ்வொருவர் கையிலும் எண்ணைப் பச்சை குத்தினார்கள்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. பச்சை குத்தியது போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் முகாமிலும் அதன் கிளை முகாம்களிலும் மட்டுமே. 1933 மார்ச்சில் திறந்த டாஹாவில் கிடையாது. புக்கன்வால்டில் கிடையாது. பெண்களை அடைத்த ராவன்ஸ்ப்ரூக்கில் கிடையாது. அங்கெல்லாம் எண்ணைத் துணியில் எழுதிச் சட்டையில் தைத்தார்கள். கூடவே ஒரு முக்கோணம்: அரசியல் கைதிக்குச் சிவப்பு, யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு ஊதா.

வாசகன் பாண்டி:
எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றில் என் கண்ணால் பார்த்தேன். புக்கன்வால்டிலிருந்து மீண்ட முதியவர் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். இடது முன்கையில் நீலம் மங்கிப்போன எண். அவர் பொய் சொன்னாரா?

மேலூரான்:
அவர் பொய் சொல்லவில்லை, நீங்கள்தான் தவறாகப் புரிந்துகொண்டீர்கள். 1945 ஜனவரியில் சோவியத் படை நெருங்கியதும் ஆஷ்விட்ஸ் கைதிகள் 56,000 பேருக்கு மேல் பனியில் நடத்தியே வெளியேற்றப்பட்டார்கள். தப்பிப் பிழைத்தவர்களில் பலரைத் திறந்த சரக்கு ரயில்களில் ஏற்றிப் புக்கன்வால்டுக்கும் மற்ற முகாம்களுக்கும் கொண்டுபோனார்கள். கையில் எண் ஏறியது ஆஷ்விட்ஸில். மீட்கப்பட்டது புக்கன்வால்டில்.

வாசகன் பாண்டி:
ஆக, புக்கன்வால்டில் பச்சை குத்திய கைதி இருந்தார். அதைத்தானே நானும் சொன்னேன்?

மேலூரான்:
நீங்கள் சொன்னது "எல்லா முகாம்களிலும் குத்தினார்கள்" என்று. மதுரையில் காது குத்திய பிள்ளை சென்னைக்குக் குடிபோனால் காது குத்தியது சென்னையில் ஆகிவிடுமா?

தேன்மொழி:
ஐயா, இதை விட்டு அந்த மனிதர்கள் எப்படி நாளைக் கழித்தார்கள் என்று பேசலாமே. காலையில் காப்பி என்ற பெயரில் கறுப்புத் தண்ணீர், மதியம் கஞ்சி போன்ற சூப், இரவு ஏறக்குறைய 300 கிராம் ரொட்டி. சூப் அண்டாவின் அடியில்தான் கிழங்கும் காயும் தங்கும். அதனால் வரிசையில் எந்த இடத்தில் நிற்பது என்பதே உயிர்ப் பிரச்சினை. முன்னால் நின்றவனுக்கு வெறும் தண்ணீர். கரண்டி பிடித்தவனும் கைதிதான். அவன் அடிவரை விடுவானா, மேலாக மொள்வானா என்று அவன் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கிண்ணம் தொலைந்தால் அந்தச் சூப்பும் இல்லை.

வாசகன் பாண்டி:
நல்ல பதிவு, சகோதரி. ஆனால் பச்சை குத்தியவர் யார் என்று மேலூரார் சொல்லவில்லை.

மேலூரான்:
சொல்கிறேன். 1941இல் சோவியத் போர்க்கைதிகளிடம் தொடங்கினார்கள். ஊசிகள் பதித்த உலோக அச்சு, இடது மார்பில் ஒரே குத்து, ரத்தம் கசியும் புண்ணில் மை. பிறகு ஒற்றை ஊசியால் இடது முன்கையில். குத்தியவர்களும் கைதிகளே. காரணம் கணக்கு வழக்கு. செத்தவன் உடையைக் கழற்றிவிட்டால் பிணம் யாருடையது என்று தெரியவில்லையாம், அதனால் தோலிலேயே எழுதினார்கள்.

கீழவாசல்:
கைதியே கைதிக்குக் குத்தினான், கைதியே காப்போவாக, அதாவது மற்றக் கைதிகளை வேலை வாங்கும் மேஸ்திரியாக, தடி எடுத்தான். அவர்களும் உடந்தைதானே?

தேன்மொழி:
பசியில் கிடப்பவனுக்குக் கூடுதலாக ஒரு கரண்டி சூப்பைக் காட்டி வேலை வாங்கியது முகாமை நடத்திய நாஜிகளின் எஸ்.எஸ். படை. மேஸ்திரி வேலை சரியாக நடக்காவிட்டால் அந்தக் காப்போ மறுபடி சாதாரணக் கைதி. அதே கொட்டகையில், தான் அடித்தவர்கள் நடுவில் படுக்க வேண்டும். உடந்தை என்று இங்கே உட்கார்ந்துகொண்டு எழுதுவது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

கீழவாசல்:
கேள்வி கேட்டாலே கோபமா? போன மாதம், போர்க்காலத்தில் ஜப்பானியர் கட்டாய உழைப்பில் போட்ட சயாம் மரண ரயில் பற்றி நான் எழுதியபோதும் நீங்கள் இருவரும் சேர்ந்துதான் என்னை வாயடைத்தீர்கள்.

மேலூரான்:
வாயடைக்கவில்லை, ரயில்பாதையின் நீளத்தைத் திருத்தினேன். 415 கிலோமீட்டர்.

சிலாங்கூர் பேரன்:
அந்த ரயிலுக்கு மலாயாத் தோட்டத்திலிருந்து போனவர் என் தாத்தாவின் தம்பி. திரும்பவில்லை. எங்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை: எண்ணும் இல்லை, அட்டையும் இல்லை, கல்லறையும் இல்லை. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்காவது தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கல்லறைகள் இருக்கின்றன. நீளத்தை வைத்துச் சண்டை போடாதீர்கள்.

மேலூரான்:
தம்பி, நான் சொல்ல வந்ததும் அதுதான். ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 13 லட்சம் பேர். பதிவேட்டில் ஏறி எண் பெற்றவர்கள் சுமார் 4 லட்சம். மற்றவர்களில் பெரும்பாலோர், முதியவர்கள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள், ரயிலிலிருந்து இறங்கியதும் நேரே நச்சுவாயு அறைக்குப் போனவர்கள். ஒரு கீறலும் இல்லை, எண்ணும் இல்லை. கொல்வதற்கென்றே அமைத்த ட்ரெப்ளிங்கா முகாமில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள், ஒருவருக்கும் பச்சை இல்லை. "ஒவ்வொருவர் கையிலும்" என்று எழுதும்போது, எண்ணே தரப்படாமல் செத்தவர்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். அதனால்தான் இதை விடமாட்டேன் என்கிறேன்.

வாசகன் பாண்டி:
பச்சை இல்லை, பச்சை இல்லை என்று பத்து முறை எழுதுகிறீர்கள். நாளைக்கு எவனாவது இதையே எடுத்து "முகாமே இல்லை" என்பான். அந்தப் பழி உங்களைத்தான் சேரும்.

மேலூரான்:
அவன் பிடித்துக்கொள்வது உங்கள் வரியைத்தான். டாஹாவ் கைதி ஒருவரின் வெறும் கையைக் காட்டி, "பாருங்கள், பொய்" என்பான். என்மேல் பழி போட்டதை நான் மறக்கமாட்டேன்.

வாசகன் பாண்டி:
மறக்க வேண்டாம். புக்கன்வால்ட் முதியவர் கையில் எண் இருந்ததா இல்லையா?

மேலூரான்:
இருந்தது. ஆஷ்விட்ஸில் குத்தியது.

வாசகன் பாண்டி:
இருந்தது என்கிறீர்களே, அது போதும்.

மேலூரான்:
ஆஷ்விட்ஸில் குத்தியது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.