சாக்கடை மேல கார் சாய்தளம்: நோட்டீஸ் வந்தா என்ன வழிங்க?

கேள்வி (சிங்காநல்லூர்): போர்டிகோ தரை ரோட்டை விட 45 செ.மீ. உயரம். சாய்தளம் சாக்கடையைத் தாண்டி ரோட்டுல 3 அடி நிக்குது. பக்கத்து வீட்டார் புகார், மாநகராட்சி நோட்டீஸ். இடிச்சுத்தான் ஆகணுங்களா?

பதில் 1 (ஈரோடு): ஆமாங்க. கேட்டுக்கு வெளிய இருக்கிறது பொது இடம், வரி கட்டியிருந்தாலும் உரிமை வராது. அடியில மண் அடைச்சா தூர்வார முடியாது, மழைத் தண்ணி பக்கத்து வீட்டுக்குள்ள போகும். புகார்ல நியாயம் இருக்குதுங்க.

சாய்தளத்தை உள்ள கொண்டு வாங்க. 1:8 சரிவுன்னா (1 அடி ஏற 8 அடி நீளம்) 45 செ.மீ.க்கு 3.6 மீட்டர் வேணும், அப்புறம் கார் நிறுத்த இடம் பத்தாது. அதனால கார் நிக்கிற தரையை மட்டும் உடைச்சு ரோட்டுக்கு 15 செ.மீ. மேல வையுங்க; 1.2 மீட்டர் போதும். வீட்டுக்குப் படி வெச்சுக்கலாம். மேல் முனையில கடைசி ஒரு அடி சரிவைப் பாதியாக்குங்க, இல்லாட்டி தாழ்வான வண்டிக்கு அடிவயிறு தட்டலாம்; இதுக்கு நீளம் இன்னும் 15 செ.மீ. கூட வேணும்.

பதில் 2 (திருப்பூர்): கேட்டுக்கு உள்பக்கம் குறுக்க ஒரு வாய்க்கால், மேல இரும்புக் கிரில். தரை தாழ்ந்துட்டா மழைத் தண்ணி உள்ள வரும், இதை விட்டுடாதீங்க. கேட்டும் உள்பக்கமாத் திறக்கணும். சாக்கடை மேல கழட்டி மாட்டுற ஸ்லாப் மட்டும், அதுவும் எழுத்துல அனுமதி வாங்கிட்டுப் போடுங்க. நோட்டீஸ்ல சொன்ன கெடுவுக்குள்ள பதில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்குங்க.